ராத்பாளியும் குழந்தையின் உறக்கமும்

மும்பை மாநகரம் ஒரு காலத்தில் பஞ்சாலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, அதே ஓசைக்கு உறங்கிய நகரம். பரேலிலும் லால்பாக்கிலும் ஆலைகள் மூன்று பாளிகளாக ஓடின. 1982-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குப் பிறகு அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் ராத்பாளி மட்டும் மூடப்படவில்லை. ஆஸ்பத்திரி, ரயில்வே, விமான நிலையம், துறைமுகம், செக்யூரிட்டி, ஹோட்டல், அமெரிக்க நேரத்திற்கு இயங்கும் ஐரோலி, மலாடு அலுவலகங்கள் என்று அது இடம் மாறி வளர்ந்திருக்கிறது. நம்மவர்களில் இந்த வேலைகளில் இருப்பவர்கள் ஏராளம். கணவன், மனைவி இருவருமே ஷிப்ட் பார்க்கும் வீடுகளும் நம் சங்கக் குடும்பங்களில் உண்டு.

இரவு வேலை பார்ப்பவரின் உடல்நலம் பற்றி அவ்வப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்து, 2019-இல் மறுபடியும் உறுதி செய்தது. அது பெரியவர்கள் கதை. ஆனால் அதே வீட்டில் வளரும் குழந்தை எப்போது தூங்குகிறது, எப்போது எழுகிறது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குழந்தைக்கு யாரும் ஷிப்ட் போடவில்லை. ஆனாலும் பல வீடுகளில் அதுவும் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் உடற்கடிகாரம் என்றால் என்ன என்று பார்ப்போம். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற இடத்தில் இருக்கும் ஒரு சிறு நரம்புத் திரள்தான் உடலின் தலைமைக் கடிகாரம். ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒரு சுற்று. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. மாலை மங்கியதும் மெலடோனின் என்ற சுரப்பு இரத்தத்தில் கூடி, உறக்கத்திற்கு உடலைத் தயார் செய்கிறது. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. இரண்டு மூன்று மாதம் ஆனபிறகே இந்த ஒழுங்கு மெள்ளப் பிடிபடத் தொடங்குகிறது. ஒருமுறை பிடிபட்ட பின், கடிகாரத்திற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தினமும் ஒரே நேரம்.

குழந்தையின் கண் வெளிச்சத்திற்குப் பெரியவர்களின் கண்ணைவிட அதிகமாக மசியும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2018-இல் வெளியிட்டார்கள். தூங்கும் நேரத்திற்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டதில், மெலடோனின் ஏறத்தாழ 88 சதவீதம் குறைந்துவிட்டது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பழைய அளவிற்குத் திரும்பவில்லை. "லைட்டை அணைத்துவிட்டேன், இன்னும் புரண்டுகொண்டே இருக்கிறான்" என்று தாய்மார்கள் சலித்துக்கொள்வதற்குக் காரணம் பிள்ளையின் பிடிவாதம் மட்டும் அல்ல.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வகுத்த கணக்கு இது. ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13. ஆறு முதல் பன்னிரண்டு வரை 9 முதல் 12. அதற்குமேல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10. இப்போது நம் வீட்டுக் கணக்கைப் போடுவோம். பள்ளி காலை ஏழு மணிக்கு. பிள்ளை ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்குக் குறைந்தபட்சம் ஒன்பது மணி நேரம் என்றால்கூட இரவு எட்டே முக்காலுக்குள் அது தூங்கியிருக்க வேண்டும். ஷிப்டே இல்லாத வீட்டில்கூட இந்த ஊரில் இது எளிதல்ல.

இந்த ஊரில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம்; சூரியனோ ஊருக்கு ஊர் வேறு. சென்னையைவிட மும்பை ஏழு பாகைக்கு மேல் மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் சராசரியாக அரை மணி நேரம் பின்தங்கியே வருகிறது. ஜூன் மாதத்தில் சென்னையில் மாலை ஆறரையை ஒட்டிப் பொழுது சாயும்போது, மும்பையில் ஏழேகால் தாண்டுகிறது. "ஊரில் இருந்தவரை எட்டரைக்கெல்லாம் தூங்கிவிடுவான்" என்று பாட்டி சொல்வது உண்மைதான். அங்கே எட்டரை வேறு, இங்கே எட்டரை வேறு. ஆனால் பள்ளி மணி மட்டும் சூரியனைப் பார்த்து அடிப்பதில்லை. மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரை காலை ஒன்பது மணிக்கு முன் வகுப்பு தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டதற்குப் பிள்ளைகளின் உறக்கக் குறைவே காரணம். இரண்டு ஷிப்டாக நடக்கும் பள்ளிகளுக்கு இதில் சங்கடம், பஸ்காரர்களும் ஆட்சேபித்தார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் எது நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்கையின்போது காலைப் பிரிவா, மதியப் பிரிவா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால், ஷிப்ட் பார்க்கும் பெற்றோர் டியூஷன் வசதியை மட்டும் பார்க்காமல் உறக்கக் கணக்கையும் பார்த்து முடிவு செய்வது நல்லது.

இரண்டாம் ஷிப்ட்தான் சிக்கல்

பொதுவாக மூன்றாம் ஷிப்டைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வேலை பார்ப்பவருக்கு அது கொடியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால், அதிகம் கெடுப்பது இரண்டாம் ஷிப்ட்தான் என்பது என் அபிப்பிராயம்.

டோம்பிவிலியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தைக்கு மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை வேலை. பன்னிரண்டரைக்கு அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியிருக்காது. லோக்கல் ரயில் பிடித்து அவர் வீடு வந்து சேர இரவு பதினொன்றரை. அந்த வாரம் முழுவதும் தகப்பனும் பிள்ளையும் விழித்த கண்ணோடு ஒருவரை ஒருவர் பார்க்க வழியே இல்லை. "அப்பா வரட்டும், அப்புறம் தூங்கறேன்" என்று பிள்ளை கேட்கும்போது தாய்க்கு மறுக்க மனம் வருவதில்லை. தகப்பனுக்கும், கதவைத் திறந்ததும் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் பகல் களைப்பெல்லாம் போய்விடும். பிறகு சாப்பாடு, கொஞ்சல், டி.வி. பிள்ளை படுக்கும்போது பன்னிரண்டு. எழ வேண்டியதோ ஐந்தே முக்காலுக்கு! ஆறு மணி நேரம்கூட இல்லை. இதைச் செய்ய வைப்பது அலட்சியம் அல்ல, பாசம். அதனால்தான் இதை மாற்றுவது கடினம்.

மூன்றாம் ஷிப்டில் நிலைமை வேறு. இரவு பத்து மணி வேலைக்கு எட்டரைக்குப் புறப்படும் தகப்பன், காலை ஏழரைக்கு வந்து, ஒன்பது முதல் இரண்டு இரண்டரை வரை தூங்கி எழுந்தால், மாலை முழுவதும் பிள்ளைக்குக் கிடைக்கிறார். வீட்டுப் பாடம், கீழே போய் விளையாட்டு, சாப்பாடு எல்லாம் அவரோடுதான். எட்டரைக்கு அவர் செருப்பை மாட்டும்போதே பிள்ளைக்கும் படுக்கை நேரம். ஒரே அடையாளத்தில் இருவர் வேலையும் முடிகிறது.

அப்படியானால் இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் என்னதான் செய்வது? சந்திப்பை இரவிலிருந்து காலைக்கு மாற்றுவதுதான் வழி. பிள்ளை வழக்கம்போல ஒன்பதுக்குள் தூங்கட்டும். தகப்பன் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, பையை மாட்டி, பஸ் நிற்கும் இடம் வரை கைப்பிடித்து அழைத்துப்போய் ஏற்றிவிட்டு வந்து மறுபடி படுக்கட்டும். ஒரு மணி நேரம்தான். ஆனால் வெளிச்சத்தில், விழிப்போடு கிடைக்கும் ஒரு மணி நேரம். தூக்கம் இரண்டு துண்டாகிறதே என்று கேட்கலாம். பெரியவர் உடம்பு அதை ஓரளவு தாங்கும். வளரும் பிள்ளையின் உடம்பு தாங்காது. வளர்ச்சிக்கான ஹார்மோன் பெருமளவு சுரப்பது இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில்தான்.

இரவு திரும்பும்போது தனிச் சாவி வைத்துக்கொள்ளுங்கள், பெல் அடிக்காதீர்கள். சாப்பாடு அடுப்படியிலேயே எடுத்து வைத்திருக்கட்டும். ஹாலில்தான் பிள்ளை படுத்திருக்கிறது என்றால் அங்கே விளக்கைப் போட வேண்டாம். பிள்ளை புரண்டு "அப்பா" என்றால் தட்டிக்கொடுங்கள். தூக்கி வெளிச்சத்திற்குக் கொண்டுவராதீர்கள்.

ஷிப்ட் மாறும் முறையும் முக்கியம். முதல் ஷிப்டிலிருந்து இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று முன்னோக்கிப் போவது உடலுக்கு ஒத்துப்போகும். தலைகீழாக மாறுவது சிரமம். டியூட்டி சீட்டு போடுபவரிடம் கேட்டுப் பெற முடிந்தால் இதைக் கேளுங்கள்.

தாய்க்கு இரவு டியூட்டி என்றால்

நர்ஸாகப் பணிபுரியும் நம் சகோதரிகளின் பிரச்சினை தனி. தாய் இரவு இல்லாத வீட்டில் குழந்தை தூங்காது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் குழந்தைக்குப் பழகுவது ஆள் மட்டுமல்ல, வரிசையும்தான். முகம் கைகால் கழுவி, பால் குடித்து, விளக்கைத் தணித்து, ஒரு பாட்டோ கதையோ கேட்டுப் படுப்பது என்று ஒரு வரிசை இருந்து, அதைத் தாய் செய்தாலும் தந்தை செய்தாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி செய்தாலும் மாறாமல் இருந்தால், சில வாரங்களில் குழந்தை அதற்குப் பழகிவிடும். பாட்டி மடியில் போட்டு ஆட்டுவதும், அப்பா தோளில் போட்டு வராந்தாவில் நடப்பதும், அம்மா மொபைலைக் கையில் கொடுப்பதுமாக ஆளுக்கொரு வழி இருந்தால்தான் குழப்பம்.

குழந்தை தூங்கிய பிறகு சத்தமில்லாமல் நழுவிப் போவது இன்னொரு பழக்கம். நடு இரவில் விழித்துத் தேடிய குழந்தை, மறுநாள் கண்ணை மூடவே பயப்படும். "அம்மா டியூட்டிக்குப் போறேன், நீ பால் குடிச்சு ஸ்கூலுக்குக் கிளம்பறப்போ வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டே போங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கும் இது புரியும். அழுதால் அழட்டும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பு சட்டப்படி உண்டு. அது முடியும்போது குழந்தையின் கடிகாரம் ஓரளவு நிலைத்திருக்கும். தாய்ப்பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள், மும்பைப் புழுக்கத்தில் வெளியே வைக்க வேண்டாம். உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கு நாள்வரை கெடாது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் அது இராது. இரவில் பிழிந்ததை இரவுக்கே என்று குறித்து வைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

காலையில் திரும்பிய தாயோ தந்தையோ கண் சொக்கும் நேரத்தில் கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்வது ஆபத்து. குழந்தை இடுக்கில் நழுவி மூச்சுத் திணற இடமுண்டு. பக்கத்தில் இன்னொருவர் விழித்திருக்கும்போது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதேபோல, இரவு டியூட்டி முடித்த கையோடு பிள்ளையை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை கண் ஒருமிப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிப்பது 0.03 மட்டுமே. குடித்தவர் ஓட்டும் வண்டியில் பிள்ளையை ஏற்றுவோமா? நடந்து போங்கள், அல்லது பஸ்ஸில் அனுப்புங்கள்.

ஒரே அறை வீட்டில்

பகலில் தூங்குபவர் ஒருவர், விளையாடும் குழந்தை ஒன்று, இருப்பதோ ஓர் அறையும் அடுப்படியும். "சத்தம் போடாதே, அப்பா தூங்கறார்" என்று நாள் முழுவதும் அதட்டுவது நடக்காத காரியம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையால் அது முடியவே முடியாது. காலை இரண்டு மூன்று மணி நேரம் பால்வாடியிலோ, நம்பிக்கையான அடுத்த வீட்டிலோ விட ஏற்பாடு செய்யுங்கள். மின்விசிறியின் ஓசை வெளிச் சத்தத்தை ஓரளவு மறைக்கும். கூரியர்காரர் பெல் அடிக்காதிருக்கக் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூங்குபவருக்காக ஜன்னலையெல்லாம் மூடி வீட்டையே இருட்டாக்கிவிடுகிறார்கள். அந்த இருட்டில் குழந்தையும் அடைந்து கிடந்தால் அதன் கடிகாரத்திற்குக் காலை வெளிச்சமே கிடைக்காது. பெரியவர் கண்ணுக்குத் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கலாம். குழந்தையைக் கீழே வெயிலுக்கு அனுப்புங்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் சிறு குழந்தையின் பகல் தூக்கமும் பெரியவரின் தூக்கமும் ஒன்றாக அமைந்தால் இருவருக்கும் லாபம். ஆனால் நான்கு மணிக்கு மேல் குழந்தையைத் தூங்க விட்டால் இரவு அது விழித்திருக்கும்.

இருவரும் ஒரே இரவில் வேலைக்குப் போகும்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது மூத்த மகளிடம் வீட்டை ஒப்படைத்துவிடுகிறார்கள். "பொறுப்பான பொண்ணு" என்று பெருமையும் கொள்கிறார்கள். அவளுக்கும் எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டிய வயது அது. தம்பி இருமினால் எழுபவளும், கதவு ஓசைக்குத் திடுக்கிடுபவளும் அவள்தான். வகுப்பில் அவள் தூங்கி விழுந்தால் அது அவள் குற்றமல்ல. இருவரின் இரவு டியூட்டியும் ஒரே நாளில் வராதபடி இரண்டு இடத்திலும் எழுதிக் கேட்பது, கேட்டுக் கேட்டுச் சலித்தாலும், செய்ய வேண்டிய காரியம்.

தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் போதாத குழந்தையோ பரபரவென்று அலையும். "அடங்காத பிள்ளை" என்று டீச்சர் எழுதியனுப்பும் பிள்ளைகளில் சிலருக்கு வேண்டியது கண்டிப்பல்ல, இன்னும் ஒரு மணி நேர உறக்கம். குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கித் தூங்கும் பிள்ளையை மட்டும் அவசியம் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து கொடுத்துத் தூங்க வைப்பது இந்நகரத்தில் பழைய கதை. 1920-களில், பம்பாய் ஆலைகளில் வேலை பார்த்த தாய்மார்கள் தாங்கள் திரும்பும்வரை குழந்தை அழாதிருக்க, அபின் கலந்த 'பாலா கோலி' என்னும் உருண்டையைக் கொடுத்ததை அன்றைய அரசு விசாரணையே பதிவு செய்திருக்கிறது. இன்று அபின் இல்லை. சளி சிரப் இருக்கிறது. சளியே இல்லாத குழந்தைக்கு, தூக்கம் வரும் என்பதற்காக ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. குளோர்பெனிரமைன், பெனைலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. கடைகளில் மிட்டாய் போல விற்கும் மெலடோனினும் டாக்டர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு கவலையும் இதில் உண்டு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், கீழே விளையாடும்போது மராத்தியும் பேசும் பிள்ளை தமிழைத் தொடர்ந்து கேட்பது பெற்றோர் வாயிலிருந்துதான். அதுவும் படுக்கும் முன்பான அரை மணி நேரத்தில்தான். ஷிப்ட் அதையும் எடுத்துக்கொள்கிறது. வேலையிடத்தில் அனுமதி உள்ளவர்கள், எட்டரை மணிக்குப் பத்து நிமிடம் போனில் தமிழில் ஒரு கதை சொல்லலாம். முகம் தெரிய வேண்டும் என்று வீடியோ போடாதீர்கள். திரையைக் கண்டால் பிள்ளை எழுந்து உட்காரும். போனைத் தலையணைக்கு அருகே கவிழ்த்து வைத்து, குரல் மட்டும் வரட்டும். கதையை அன்றன்றைக்கு முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பத்து மணி வரை கேட்டுக்கொண்டிருக்கும்.

வார விடுமுறை நாளில் பெரியவர்கள் தூக்கக் கடனை அடைக்கட்டும். பிள்ளையை மட்டும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்திற்கு மேல் தாமதமாக எழ விடாதீர்கள். மே மாதம் ஊருக்குப் போனால் எல்லாம் தலைகீழாகும். திருவிழா, கல்யாணம், மொட்டை மாடியில் பன்னிரண்டு மணி வரை பேச்சு. அது வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஜூன் மத்தியில் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு வந்து இறங்குமாறு டிக்கெட் எடுக்காமல், ஒரு வாரம் முன்னதாகவே திரும்புங்கள். எழும் நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் தினம் பதினைந்து நிமிடமாக முன்னே கொண்டுவந்தால், ஏழு நாளில் ஒன்றே முக்கால் மணி நேரம் சரியாகிவிடும்.